தடைக்காலத்துக்கு முன்பே தீர்மானியுங்கள்: கடற்கரைக் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஒரு பொழுதுபோக்கு வழிகாட்டி

மீன்பிடித் தடைக்காலம் என்பதால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். பள்ளிக்கூட விடுமுறையும் அந்த நாட்களில்தான். உயிர்ப்புப் பெருவிழா எந்த ஆண்டிலும் மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையில் வருவதால், தவக்காலத்தில் “டிவி வேண்டாம், சினிமா வேண்டாம்” என்று இருந்த வீடுகளில் அந்தக் கட்டுப்பாடும் ஏறக்குறைய அப்போதே தளர்கிறது. பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், மூக்கையூர், தொண்டி என்று இந்த ராமநாதபுரம் கரை நெடுக எல்லா ஊர்களிலும் இதே கதைதான். அப்பா வீட்டில், பிள்ளைகள் வீட்டில், எல்லார் கையிலும் போன், யாருக்கும் அவசர வேலை இல்லை. ஒரு வீட்டின் பார்க்கும் பழக்கம் இந்த இரண்டு மாதத்தில்தான் படிகிறது. ஜூன் பாதியில் படகு கடலுக்குப் போய்விடும். பழக்கம் வீட்டிலேயே தங்கிவிடும்.

அதனால் எதைப் பார்ப்பது, எவ்வளவு பார்ப்பது, யாரோடு பார்ப்பது என்பதை மார்ச் மாதத்திலேயே பேசி முடிவு செய்துவிடுங்கள். போன் கையில் இருக்கும்போது, ஒரு வீடியோ முடிந்து அடுத்தது ஓடத் தொடங்கும்போது, யாராலும் நிதானமாக முடிவெடுக்க முடியாது. இது பிள்ளைகளைவிடப் பெரியவர்களுக்கு இன்னும் பொருந்தும்.

முதல் வாரம்: எதையும் மாற்றாமல் கவனியுங்கள்

எடுத்த எடுப்பில் தடை போட்டால் வீட்டில் சண்டைதான் வரும். முதல் ஏழு நாள் எதையும் நிறுத்தச் சொல்லாமல் குறித்து மட்டும் வையுங்கள். ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸுக்குள் ‘டிஜிட்டல் வெல்பீயிங்’ என்ற பகுதி இருக்கும். சில போன்களில் அதன் பெயர் ‘ஸ்கிரீன் டைம்’. எந்த ஆப்பில் எத்தனை மணி நேரம் போனது என்று நாள்வாரியாக அது காட்டும். ஒரே போனை மூன்று பேர் எடுக்கும் வீட்டில் அந்தக் கணக்கை அப்படியே நம்ப முடியாது. அங்கே நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் கையாலேயே எழுதுங்கள். டிவி நேரத்தையும் மறக்காமல் சேருங்கள்.

நான்கு விவரம் போதும். யார் பார்த்தார், எந்த நேரத்தில், தனியாகவா மற்றவர்களோடா, பார்த்து முடித்த பிறகு மனசு எப்படி இருந்தது. கடைசி விவரத்தைத்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள். ஆனால் அதிகம் சொல்லிக்கொடுப்பது அதுதான். ஓரியூரில் 1693 பிப்ரவரி 4 அன்று உயிர் கொடுத்த புனித அருளானந்தர் இயேசு சபைத் துறவி. அந்தச் சபையினர் நாள்தோறும் செய்யும் ஆன்ம சோதனையில் இதே கேள்வி இருக்கிறது. இன்று எது என்னை அமைதியாக்கியது, எது என்னை வறண்டுபோக வைத்தது? ஒன்றரை மணி நேரம் ரீல்ஸ் பார்த்து எழுந்த பையனிடம் “என்ன பார்த்த?” என்று கேட்டால் அவனுக்கு நினைவிருக்காது. “இப்ப எப்படி இருக்கு?” என்று கேட்டால் “எரிச்சலா இருக்கு”, “தலை வலிக்குது” என்று சரியாகச் சொல்லிவிடுவான். வாரக் கடைசியில் அந்தத் தாளைக் குடும்ப ஜெபத்துக்குப் பிறகு எல்லார் முன்னாலும் வைத்துப் படியுங்கள். அப்பாவின் கணக்கும் அம்மாவின் கணக்கும் அதில் இருக்க வேண்டும். பிள்ளைகளின் நேரத்தை மட்டும் குறித்தால் அது விசாரணை ஆகிவிடும்.

எதை வைத்து அளப்பது

முதலில் சட்டம் தரும் அளவு. திரைப்படத் தணிக்கையில் ‘யு’ எல்லாருக்குமானது, ‘ஏ’ 18 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும். நடுவில் இருந்த ‘யு/ஏ’ 2023 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிந்துவிட்டது. ஓடிடி தளங்களுக்கும் 2021 விதிகளின்படி இதே வயதுப் பிரிவுகள் உண்டு. 13+க்கும் அதற்கு மேல் உள்ளவற்றுக்கும் பெற்றோர் பூட்டு வசதியை அந்தத் தளம் தந்தே ஆக வேண்டும். படம் தொடங்கும்போது திரையின் மூலையில் வயதும் அதன் பக்கத்தில் வன்முறை, கெட்ட வார்த்தை, போதைப் பொருள் போன்ற காரணமும் சில நொடி வந்து போகும். அதைப் படிக்கப் பழகுங்கள். 9 வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் 16+ ஓடிக்கொண்டிருப்பது பெரும்பாலும் தெரிந்து நடப்பதில்லை. யாரும் அந்த மூலையைப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

சான்றிதழ் ஒரு படத்தில் எது காட்டப்படுகிறது என்பதைத்தான் சொல்லும். எது புகழப்படுகிறது என்பதைச் சொல்லாது. கிறிஸ்தவ மனசாட்சி தனியாக வேலை செய்ய வேண்டிய இடம் இது. பிலிப்பியர் 4:8 உண்மை, கண்ணியம், நேர்மை, தூய்மை, அன்பு, நற்பெயர் என்று வரிசையாக அளவுகளைத் தருகிறது. அதை வீட்டில் கேட்கக்கூடிய கேள்விகளாக மாற்றிக்கொள்ளலாம். இதில் யாரை நாம் கைதட்டி ரசிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள்? அவர் செய்வதை நம் பிள்ளை செய்தால் நமக்குச் சம்மதமா? யாரைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறார்கள்? தப்புக்கு விலை இருக்கிறதா, இல்லை தப்பு செய்கிறவன்தான் கடைசியில் ஜெயிக்கிறானா?

பாவமே இல்லாத கதை என்று ஒன்றைத் தேடாதீர்கள். தாவீது பத்சேபாளிடம் நடந்துகொண்டதும், அதை மறைக்க அவள் கணவனைப் போரில் சாகவிட்டதும் 2 சாமுவேல் 11ல் ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருக்கிறது. அடுத்த அதிகாரத்திலேயே நாத்தான் வந்து “நீயே அந்த மனுஷன்” என்கிறார். திருமறை பாவத்தைக் காட்டுகிறது, அதைக் கொண்டாடுவதில்லை. குடியால் அழியும் ஒரு குடும்பத்தின் கதை கனமாக இருக்கலாம், அழ வைக்கலாம். ஆனாலும் 15 வயதுப் பையனோடு உட்கார்ந்து பார்க்கத் தகுந்த படமாக அது இருக்கக்கூடும். ‘யு’ சான்றிதழ் வாங்கிய ஒரு படத்தில் வேண்டாம் என்று சொல்லும் பெண்ணைக் கதாநாயகன் பஸ் ஸ்டாண்டு வரை பின்தொடர்ந்து போய், கடைசியில் அவளும் சம்மதிக்கிறாள் என்றால், அதில் ஒரு முத்தம்கூட இல்லாவிட்டாலும் அது உங்கள் மகனுக்குத் தவறான பாடம் எடுக்கிறது. கறுப்பு நிறத்தையும் உடல் பருமனையும் மீனவர் பேச்சையும் கேலி செய்து கிடைக்கும் சிரிப்பும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

‘கிறிஸ்தவ வீடியோ’ என்ற பெயர் இருந்தால் மட்டும் ஒன்று நல்லதாகிவிடாது. உலகம் முடியும் தேதியைச் சொல்லிப் பயமுறுத்துவது, காணிக்கை அனுப்பினால் கடன் தீரும் என்பது, மருந்தை நிறுத்தச் சொல்வது, அடுத்த சபையை வசைபாடுவது என்று பலதும் அந்தப் பெயரில் வருகிறது. பக்கத்து வீட்டு இந்துவையும் கீழக்கரை முஸ்லிமையும் வெறுக்கச் சொல்லும் ஒரு பிரசங்கம், எத்தனை வசனம் சொன்னாலும், பிறனை நேசி என்ற கட்டளையோடு மோதுகிறது. சாதிப் பெருமை பேசும் பாட்டையும் இதே தராசில் வையுங்கள். இந்தக் கரையில் ஒருவர் வலையை இன்னொருவர் தூக்கிக்கொடுத்துத்தான் வாழ்கிறோம். அதைக் கெடுக்கும் எதுவும் நல்ல பொழுதுபோக்கு ஆகாது.

பெரியவர்கள் தங்களுக்குள் ஒத்துப்போகாத இடங்களும் வரும். ஒரு வீட்டில் சினிமாவே இல்லை, இன்னொரு வீட்டில் மாதம் ஒரு படம் என்று இருக்கும். இப்படிப்பட்ட காரியங்களில் ஒருவரை ஒருவர் தீர்ப்பிடாதீர்கள் என்று சொல்லும் ரோமர் 14 இதற்காகவே எழுதியதுபோல இருக்கிறது. உங்கள் வீட்டு முடிவை அன்பியக் கூட்டத்தில், அதாவது பக்கத்து வீட்டுக் குடும்பங்கள் கூடும் பங்கின் சிறு குழுவில், மற்றவர்கள் மேல் சட்டமாகப் போடாதீர்கள்.

ஒரு படத்தைத் தேர்வது எப்படி

சனிக்கிழமை இரவு குடும்பமாக ஒரு படம் பார்ப்பது என்று வைத்துக்கொண்டால், அதைப் புதன்கிழமையே தேர்ந்துவிடுங்கள். முதலில் வயதுப் பிரிவு. அடுத்து டிரெய்லர். அதில் ஒரு சண்டையும் ஒரு குத்துப்பாட்டும் மட்டுமே இருந்தால் படத்தில் வேறு பெரிதாக ஒன்றும் இல்லை என்றே எடுத்துக்கொள்ளலாம். மூன்றாவதாகப் பாட்டு. தமிழ்ப் படங்களில் பாட்டு முன்கூட்டியே வந்துவிடும். இசையை விட்டுவிட்டு வரிகளை மட்டும் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். மகளுக்கு முன்னால் படிக்கக் கூசும் வரி இருந்தால் அங்கேயே பதில் கிடைத்துவிடும்.

நான்காவது வழிதான் மிகவும் பயன்படும். பார்த்த ஒருவரிடம் கேட்பது. “படம் எப்படி?” என்று கேட்டால் “சூப்பர்” என்று வரும், அதனால் ஒன்றும் தெரியாது. “எட்டு வயசுப் பிள்ளை பக்கத்துல உட்கார்ந்திருந்தா எந்த இடத்துல ரிமோட்டைத் தேடுவீங்க?” என்று கேளுங்கள். நிமிடத்தோடு சொல்வார்கள். அந்த இடத்தைத் தாண்டிவிட்டுப் பார்க்கலாமா, படமே வேண்டாமா என்று அப்போது முடிவு செய்யலாம். ஓடிடியில் பார்ப்பதாக இருந்தால் பெரியவர் ஒருவர் நடுவிலிருந்து பத்து நிமிடமும் கடைசிப் பதினைந்து நிமிடமும் முன்பே பார்த்துவிடுவது நல்லது. கதை யார் பக்கம் நிற்கிறது என்பது கடைசியில்தான் தெரியும்.

பார்க்கும்போது நடுவில் நிறுத்தத் தயங்காதீர்கள். நிறுத்தி, “அவன் செஞ்சது சரியா?” என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு மறுபடி ஓடவிடுங்கள். நீளமாகப் பேசினால் அடுத்த வாரம் பிள்ளைகள் தனியாகப் பார்க்கப் போய்விடுவார்கள்.

புதுப்படத்தை டெலிகிராமில் இறக்கிப் பார்ப்பதை இங்கே சேர்த்தே சொல்ல வேண்டும். அது திருட்டு. படத்தைக் களவாகப் பதிவு செய்து பரப்புவோருக்கு 2023 திருத்தம் 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும் குறைந்தது 3 லட்சம் ரூபாய் அபராதமும் வைத்திருக்கிறது. வீட்டுக்கு வரும் கேடு இன்னும் நேரடியானது. திருட்டுத் தளங்களில் ‘டவுன்லோட்’ பொத்தானைத் தொட்டால் முதலில் திறப்பது ஆபாச விளம்பரமோ சூதாட்ட விளம்பரமோதான். பல பிள்ளைகள் தேடிப்போகாமலேயே அசிங்கத்தை முதலில் பார்ப்பது இந்த வழியில்.

போனையும் டிவியையும் அமைப்பது

இதற்கு ஒரு மாலை, மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். பிள்ளைகளை வைத்துக்கொண்டே செய்யுங்கள். ஒளித்துச் செய்தால் உடைக்கும் வழியைத் தேடுவார்கள்.

பெரும்பாலான வீடுகளில் தொல்லை தொடங்குவது அப்பாவின் யூடியூப் கணக்கில். இரவு பதினொன்றுக்கு அவர் பார்த்த ஆடல் பாடல் வீடியோவை வைத்துத்தான் காலையில் அதே போனை எடுக்கும் மகனுக்கு யூடியூப் பரிந்துரை தருகிறது. பிள்ளை கெட்டதைத் தேடவில்லை, அது தானாக முன்னால் வந்து நிற்கிறது. ஆகவே முதலில் பெரியவரின் கணக்கைச் சுத்தம் செய்யுங்கள். யூடியூப் செட்டிங்ஸில் பார்த்த வரலாறு முழுவதையும் அழித்துவிட்டு, ‘வாட்ச் ஹிஸ்டரி’யையும் நிறுத்தி வையுங்கள். வரலாறு இல்லையென்றால் முகப்புப் பக்கம் ஏறக்குறைய வெறுமையாகவே திறக்கும். வேண்டியதைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கும். இந்த ஒரு மாற்றத்திலேயே நேரம் கணிசமாகக் குறையும். பிறகு ‘ஆட்டோபிளே’யை அணையுங்கள். வேண்டாத சேனல் வந்தால் வீடியோவின் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு, அந்தச் சேனலைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

12 வயது வரை உள்ளவர்களுக்கு யூடியூப் கிட்ஸ் ஆப். அதில் 4 வயது வரை, 5 முதல் 8, 9 முதல் 12 என்று மூன்று பிரிவு உண்டு. நாலாவதாக, பெற்றோர் அனுமதித்ததை மட்டும் காட்டும் முறையும் இருக்கிறது. சிறு பிள்ளைக்கு இந்த நாலாவதுதான் சரி. நீங்கள் 20 சேனலைத் தேர்ந்து வைத்தால் அந்த இருபது மட்டுமே வரும், தேடலும் இயங்காது. கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பெற்றோர் பகுதிக்குள் போக அந்த ஆப் வழக்கமாக ஒரு பெருக்கல் கணக்கைத்தான் கேட்கும். நாலாம் வகுப்புப் பிள்ளை அதைப் போட்டுவிடும். அதனால் உங்கள் சொந்தக் கடவு எண்ணை வைத்துவிடுங்கள். கிட்ஸ் ஆப்பைப் போட்டுவிட்டு, அதே போனில் சாதாரண யூடியூபையும் குரோமையும் திறந்தே விட்டுவைப்பது இன்னொரு வழக்கமான தவறு.

பிள்ளைக்குத் தனிப் போன் இருந்தால் கூகுளின் ‘ஃபேமிலி லிங்க்’ வேண்டும். உங்கள் போனில் அதைப் போட்டு, பிள்ளையின் உண்மையான பிறந்த ஆண்டைக் கொடுத்துக் கணக்கைத் தொடங்குங்கள். வயதைக் கூட்டிக் கொடுத்தால் வயதுக்கேற்ற பூட்டுகள் சரியாக வேலை செய்யாது. ஒரு ஆப்புக்கு நாளுக்கு எத்தனை நிமிடம், இரவு எத்தனை மணிக்குப் போன் பூட்ட வேண்டும், புது ஆப் போட உங்கள் அனுமதி வேண்டுமா என்று எல்லாவற்றையும் அங்கிருந்தே சொல்லலாம். மேற்பார்வைக் கணக்கில் யூடியூபின் மூன்று நிலைகளில் முதல் நிலை 9 வயதுக்கு மேல், இரண்டாவது 13க்கு மேல். மூன்றாவதில் ஏறக்குறைய எல்லாம் வரும், அதை இப்போது தொட வேண்டாம்.

பெரியவர்களுக்கான வீடியோக்களை வடிகட்டும் யூடியூபின் ‘ரெஸ்ட்ரிக்டட் மோட்’ அந்தந்தக் கருவிக்கு மட்டும்தான் இயங்கும். போனில் போட்டால் டிவிக்கு வராது. டிவியில் தனியாகப் போடுங்கள். தமிழ் வட்டார வசவுகளையும் இரட்டை அர்த்த வசனங்களையும் அது முழுதாகப் பிடிக்கும் என்று நம்பி எழுந்து போய்விடாதீர்கள். ஓடிடியில் பிள்ளைக்குத் தனி ப்ரொஃபைல் வைத்தால் மட்டும் போதாது. அப்பாவின் ப்ரொஃபைலை ரகசிய எண் போட்டுப் பூட்டாவிட்டால், பிள்ளை பக்கத்துப் படத்தைத் தொட்டு உள்ளே போய்விடும்.

நேரமும் இடமும்

இரவு ஒன்பது மணிக்கு எல்லாப் போனும் ஹாலில் ஒரே இடத்தில் சார்ஜுக்குப் போக வேண்டும், பெரியவர்கள் போனும் சேர்த்து. படுக்கும் அறையில் போன் வேண்டாம். காலையில் ஜெபம் முடியும்வரை யாரும் தொடக் கூடாது. ஜெபமாலை நேரத்தைச் சீரியல் நேரத்துக்கு ஒட்டி வைத்தால் ஜெபம்தான் குறையும், ஆகவே அதைச் சீரியலுக்கு முன்பே முடித்துவிடுங்கள். தடைக்காலத்தில் பள்ளி வயதுப் பிள்ளைக்கு நாளுக்கு ஒன்றரை மணி நேரம் என்று தொடங்கலாம். அதில் ஷார்ட்ஸுக்கும் ரீல்ஸுக்கும் இடமில்லாமல் இருந்தால் இன்னும் நல்லது. முழு நீளக் கதை மனசை ஒரு இடத்தில் உட்கார வைக்கும், துண்டுத் துண்டாகப் பார்ப்பது அதைக் கெடுக்கும்.

கடலுக்குப் போகும் போன்

நாலைந்து நாள் தங்கல் போகும் படகில் சிக்னல் இருக்காது. மெமரி கார்டில் உள்ளதைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள். 18, 19 வயதில் முதல்முறை கடலுக்குப் போகும் தம்பி, மூத்தவர்கள் பார்ப்பதை அவர்களோடு உட்கார்ந்து பார்க்கிறான். ஓட்டுநரோ படகு உரிமையாளரோ சொன்னால் அங்கே கேட்பார்கள், வேறு யார் சொல்லியும் பயனில்லை. உங்கள் வீட்டுப் பையன் போகும்போது அவன் கார்டில் இரண்டு நல்ல படமும், பாட்டும், ஒலி வேதாகமமும் இறக்கிக் கொடுத்து அனுப்புங்கள். பாம்பனில் மீனவர்களுக்கென்றே எஃப்.எம். 90.4ல் ஒலிக்கும் கடல் ஓசை சமுதாய வானொலி கரைக்குப் பக்கத்தில் எடுக்கும். வலை பின்னும்போது கண்ணுக்கு வேலை வைக்காமல் காதுக்கு மட்டும் கேட்கும் நல்ல துணை அது.

பணம் கட்டி ஆடும் விளையாட்டு

தடைக்கால நிவாரணம் வங்கிக் கணக்கில் விழும் வாரம் ஆபத்தான வாரம். தமிழ்நாட்டில் 2022 சட்டமும், நாடு முழுக்க 2025 ஆகஸ்டில் வந்த சட்டமும் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை எதிர்த்து நிற்கின்றன. 2025 சட்டம் அவற்றை விளம்பரம் செய்வதையும் குற்றமாக்கியது. ஆனாலும் வாட்ஸப்பில் லிங்க் வரும், வெளிநாட்டு ஆப் என்று வரும். முதல் இரண்டு நாள் உங்களை ஜெயிக்க விடுவதுதான் அவர்கள் தந்திரம். குறைந்தபட்சம் மூன்று காரியம் செய்யுங்கள். நிவாரணம் வரும் கணக்கை யுபிஐயோடு இணைக்காதீர்கள். ரகசிய எண்ணைப் பிள்ளைகளுக்குச் சொல்லாதீர்கள். ப்ளே ஸ்டோரில் ஒவ்வொரு முறை வாங்கவும் பாஸ்வேர்ட் கேட்கும்படி வையுங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக் காத்திருக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்கள். ஒவ்வொரு மணி நேரமும் தாமதிக்கத் தாமதிக்க, பணத்தை முடக்கி மீட்கும் வாய்ப்பு குறையும்.

காலியாகும் நேரத்தை எதால் நிரப்புவது

போனைப் பிடுங்கிவிட்டு வேறு ஒன்றும் கொடுக்காமல் விட்டால் பிள்ளை மாமா வீட்டுப் போனுக்குப் போய்விடும். விடுமுறை வேதாகமப் பள்ளியும் மறைக்கல்வி முகாமும் பத்து நாளில் முடிந்துவிடும். மீதி ஐம்பது நாள் நம் பொறுப்பு.

எல்லாவற்றிலும் பலன் தருவது நாடகம். வாசாப்பு என்ற கிறிஸ்தவ நாட்டு நாடகமும் கூத்தும் கண்ட மண் இது. சிறு பங்கில்கூட மூன்று வாரத்தில் ஒரு இருபது நிமிட நாடகம் போட முடியும். கதைக்கு யோவான் 21ஐ எடுங்கள். உயிர்ப்புக்குப் பிறகு திபேரியாக் கடலில் நடப்பது, ஆகவே காலமும் பொருந்துகிறது. இயேசுவும் ஏழு சீடர்களும் என எட்டுப் பாத்திரம். கதை சொல்லக் கட்டியங்காரன் ஒருவர், பாட்டுக்கு நால்வர், ஆகப் பதின்மூன்று பிள்ளைகள். இராமுழுக்க மீன் பாடு இல்லாமல் விடியும் பொழுது, வலப்பக்கம் வலை போடச் சொல்லும் குரல், 153 மீன், கரையில் கரி நெருப்பில் சுடும் மீன். இதை நம் பிள்ளைகளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

வலையும் கூடையும் துடுப்பும் நிஜமானவையாக இருக்கட்டும். வெறும் வலையை இழுப்பதும் மீன் நிறைந்த வலையை இழுப்பதும் உடம்பில் எப்படி வேறுபடும் என்று சும்மா இருக்கும் அப்பாக்களை வந்து சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். இடுப்பை எங்கே வைப்பது, காலை எப்படி ஊன்றுவது, மூச்சை எப்போது விடுவது என்று அவர்கள் காட்டும்போது பிள்ளைகள் அப்பாவை வேறு கண்ணால் பார்ப்பார்கள். மீனை எண்ணும் காட்சியில் ஒரு சின்னவன் ஏலக்குரலில் எண்ணத் தொடங்கினால் அரங்கமே அவனோடு சேர்ந்து எண்ணும்.

வசனம் எட்டுப் பக்கத்தைத் தாண்டக் கூடாது. வாரம் நாலு நாள், தடவைக்கு 45 நிமிடம், மொத்தம் பன்னிரண்டு ஒத்திகை. முதல் நாலில் தாளைப் பார்த்துப் படிக்கலாம், ஐந்தாவதிலிருந்து தாள் கையில் இருக்கக் கூடாது. பெரும்பாலும் கெடுவது சத்தம்தான். பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசுவார்கள், குரல் பக்கவாட்டில் போய்விடும். தரையில் சாக்பீஸால் குறி போட்டு, கூட்டத்தைப் பார்த்தே நின்று பேசப் பழக்குங்கள். கடற்கரை மேடை என்றால் காற்று மேடையிலிருந்து கூட்டத்தின் பக்கம் வீசும்படி மேடையைப் போடுங்கள், மைக்குக்குப் பஞ்சு உறை மாட்டுங்கள். நடுவில் வரும் நடனத்துக்குச் சினிமா மெட்டைக் கடன் வாங்கிப் பக்தி வரியைப் போடாதீர்கள். கேட்கிறவர்கள் மனசில் ஓடுவது பழைய வரிதான்.

நாடகத்துக்கு வராத பையன்களுக்குக் கபடியும் கைப்பந்தும் இருக்கிறது, நாட்டுப்படகுப் பாய்மரப் போட்டிகளும் நடக்கும் ஊர்களில் அதற்கான பயிற்சியும் இருக்கிறது. காரங்காட்டில் வனத்துறை அலையாத்திக் காட்டுக்குள் படகில் அழைத்துப் போகிறது. ஒரு ஞாயிறு திருப்பலி முடித்து அன்பியத்தோடு போய் வரலாம். குளிக்கப் போவதானால் தென்மேற்குக் காற்று பிடித்தபின் தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் வேண்டாம், வடகடல் (பாக் விரிகுடா) பக்கம் போங்கள். தனுஷ்கோடி முனையில் எந்தக் காலத்திலும் பிள்ளைகளை இறக்காதீர்கள்.

திருவிழா இரவு

வீட்டில் கட்டிக்காத்ததைக் கோயில் மைதானத்தில் கெடுக்கக் கூடாது. கொடியேற்றம் முதல் தேர்பவனி வரை ஒன்பது நாள் மறையுரை கேட்டுவிட்டு, பத்தாம் நாள் இரவு ஆபாச ஆட்டத்தோடு கச்சேரி நடந்தால் அந்த ஊர்ப் பிள்ளைகள் எதை நினைவில் வைப்பார்கள்? விழாக் குழுவில் இருப்பவர்கள் கச்சேரிக்காரர்களை ஒப்பந்தம் செய்யும்போதே எழுத்தில் வாங்குங்கள். பாட்டுப் பட்டியல் இரண்டு வாரம் முன்பு வர வேண்டும், உடை இன்னது, இரட்டை அர்த்த நகைச்சுவை இல்லை, மீறினால் நிகழ்ச்சி நிறுத்தப்படும். தொகையில் நாலில் ஒரு பங்கை நிகழ்ச்சி முடிந்த பிறகு கொடுங்கள். சவுண்ட் மேடைக்குப் பக்கத்தில் இரண்டு பொறுப்பாளர் கடைசிவரை உட்கார வேண்டும். அவர்களுக்கு நிறுத்தும் அதிகாரம் உண்டு என்று முதலிலேயே மைக்கில் சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை வராது. ஒலிபெருக்கிக்கு இரவு 10 முதல் காலை 6 வரை தடை இருக்கிறது. அரசு விலக்கு தரும் நாட்களிலும் நள்ளிரவு 12தான் எல்லை.

பிள்ளை பார்த்துவிட்டது என்று தெரியும்போது

அடிக்காதீர்கள், போனை உடைக்காதீர்கள். அடி வாங்கிய பிள்ளை அடுத்த முறை சொல்லாது, மறைக்கக் கற்றுக்கொள்ளும். போனை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, எப்படி வந்தது, யார் அனுப்பினார்கள், எத்தனை நாளாக என்று மூன்றையும் மெதுவாகக் கேளுங்கள். “நீ சொன்னது நல்லதாப் போச்சு, இதை நாம சேர்ந்து சரி பண்ணலாம்” என்று சொல்லி நிறுத்துங்கள். அன்று உபதேசம் வேண்டாம். உறுத்தல் அதிகம் இருக்கும் வளர்ந்த பிள்ளை கத்தோலிக்கராக இருந்தால் ஒப்புரவு அருட்சாதனத்துக்கு (பாவசங்கீர்த்தனத்துக்கு) போக வழி காட்டுங்கள். மற்ற சபைப் பிள்ளை நம்பும் போதகரிடமோ ஞாயிறு பள்ளி அக்காவிடமோ பேசலாம். யாரோ பெரியவர் அனுப்பியது, படம் கேட்டது, மிரட்டியது என்று தெரிந்தால் அது குடும்பத்துக்குள் முடிக்கும் விஷயம் இல்லை. செய்திகளை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழையுங்கள். தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, போன் இல்லாமல் இருக்க முடியாத நிலைக்குப் போன பிள்ளைக்கும் பெரியவருக்கும் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இலவசமாக, தமிழிலேயே மனநல ஆலோசனை கிடைக்கும். கூப்பிடுகிறவர் பெற்றோராகவும் இருக்கலாம்.